ஆர்மோனியமும் ஒரு சாரையும்

என் வீட்டுக்காரர் பவுல்சாமிக்குக் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம்தான் முதல் தாரம், நான் இரண்டாவது. பங்குக் கோவிலில் பூசைக்கு வாசிப்பதும், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பதும் அதில்தான். எங்கள் சோறும் அதில்தான். துருத்தித் தோல் கிழிந்தால், உலகச் சண்டை முடியும்வரை வேறு தோல் வராது என்று கடைக்காரன் சொல்லிவிட்டான்.

ஆர்மோனியம் இருந்த பின்னறை ஓட்டின்மேல் பூவரசங்கிளை ஒன்று சாய்ந்திருந்தது. ஆளுயரத்துக்கும் நீளமான ஒரு சாரை பட்டப்பகலில் அதில் ஏறி, ஓட்டுச் சந்தில் நுழையும். விஷமில்லாத பாம்பு, எலிக்குத்தான் எமன் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் காதில் ஏறவில்லை. மரத்தில் பாம்பு என்றாலே அவருக்கு ஏதேன் தோட்டம்தான்.

"சாத்தான் வேற எங்கடி ஏறுவான்?" என்று மரத்தடியில் தீர்த்தம் தெளித்தார். மேலேயிருந்து சாரை கழுத்து உப்ப உறுமியது. பார்த்தாயா, அதுவே சாட்சி என்றார். கிளையை வெட்டச் சொல்லி, விறகு பிளக்கும் பீர் முஹம்மதுவிடம் பேசி வைத்தார்.

அதற்குள் 1942-ம் வருஷத்துச் சித்திரை வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது. பீர் முஹம்மது கோடரியோடு ஊரைவிட்டுப் போனார். ஆர்மோனியத்தை ஏற்ற வண்டி கிடைக்காமல், அதைப் பின்னறையில் பூட்டிவிட்டு நாங்களும் செங்கல்பட்டுக்கு ரயிலேறினோம். அங்கே அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்நேரம் எலி தோலைத் தின்னுட்டிருக்கும் லூயிசா" என்பார். எனக்கும் சோறு இறங்காது.

மழைக்கு முன் திரும்பினோம். ஊரைவிட்டுப் போகாத பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ, பஞ்சு பிதுங்கிய தலையணையைத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னா சொல்றது வாத்தியாரம்மா, துணிமணி அல்லாத்தையும் எலி தின்னுட்சி. உங்க வூட்டு மரத்துல அந்தச் சாரை தெனம் ஏறி எறங்கிக்கினு கீது."

பின்னறைக் கதவருகே அவர் நின்றுவிட்டார். சாவியை நான்தான் வாங்கித் திருப்பினேன். ஆர்மோனியத்தின் மேல் குறுக்கே, சாரை உரித்துப் போட்ட சட்டை தலை முதல் வால்வரை கிழியாமல் கிடந்தது. அறையில் ஓர் எலிப்புழுக்கைகூட இல்லை. அந்தச் சட்டையை ஒதுக்காமலே அவர் மிதியை அழுத்தினார். துருத்தி நிறைந்தது. முதல் சுரம் வந்ததும் அப்படியே முழங்காலிட்டு அழுதார். நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். இவ்வளவு நன்றியை அதுவரை எந்தச் செபத்திலும் நான் சொன்னதில்லை.

அடுத்த வாரம் பீர் முஹம்மது கோடரியோடு வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரே, அந்தக் கிளைய இப்ப வெட்டிடலாமா?"

என் வீட்டுக்காரர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம் பாய். அங்க ஆள் குடியிருக்காங்க."