லைலாக் வேலியின் பூர்வீகம்

எங்கள் ஊர்ப் பூங்காவில் ஊதாநிறத்தில் மணக்க மணக்கப் பூக்கும் லைலாக் புதர்வேலி ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் ஜூனில் அரசியலமைப்பு நாளன்று மேயர் பிரெபன் அதன்முன் நின்று, மூச்சை இழுத்து, "இந்த வாசனைதான் டென்மார்க்!" என்பார். கூட்டம் கைதட்டும். இருபத்திரண்டு வருடமாக வேலியைக் கத்தரித்த தோட்டக்காரியான எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கைதட்டல் என்று நினைத்துக்கொள்வேன்.

உண்மையில் லைலாக் டென்மார்க் செடியே அல்ல, பால்கன் மலைப்பக்கத்துச் செடி. பூங்காவின் ஒவ்வொரு செடிக்கும் பூர்வீகம் எது, நட்டது எப்போது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஊருக்குச் சொல்லவில்லை. எதற்கு, பாவம்.

போன இலையுதிர்காலத்தில் பூங்காவைத் தேசியத் தோட்டமாக்கத் தீர்மானம் போட்டார்கள். மண்ணின் செடிகள் மட்டும். இயற்கை தன்போக்கில் வளரும். எந்தப் போக்கில் என்பதைக் குழு முடிவு செய்யும். என்னோடு வேலை பார்க்கும் தோர்பென் குழுவில் இருந்தான்.

"வீபகே, அந்த நோட்டைக் கொஞ்சம் குடேன்."

"எதுக்குடா?"

"பீச் மரத்தோட வயசு பாக்கணும்."

"லைலாக் பக்கத்தைத் திருப்பினே, கத்தரி உன்மேல பாயும்."

"சீ, இருபது வருஷம் உன்கூடச் சேந்து புழு பொறுக்கினவன்!"

கொடுத்தேன்.

மார்ச்சில் பட்டியல் வந்தது. வெளியேற வேண்டியவற்றில் முதலாவது லைலாக். துல்லியமான பதிவுக்காக எனக்கு நன்றி வேறு. வேலியைத் தோண்டி எடுத்த இடத்துக்கு டேனிஷ் காட்டுப் புல்வெளி வந்தது, ஹாலந்திலிருந்து, பாய்போலச் சுருட்டி, லாரியில்.

ஜூன் விழாவில் மேயர் அந்தப் புல்லின்முன் நின்று பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்தார், தும்மினார். "அடுத்தது வீட்டுத் தோட்டங்கள்! அங்கேயும் மண்ணின் செடிகள் மட்டும்!" என்று முடித்தார். பிறகு தோர்பென் வீட்டில் எல்லோருக்கும் காப்பி. நோட்டை வாங்கிவரத்தான் நானும் போனேன்.

கொல்லையில், டென்மார்க் கொடி பறந்த கம்பத்தடியில் என் வேலி. கொஞ்சமாகத்தான் பூத்திருந்தது. மூன்றாவது புதரில் என் ரம்பம் பட்ட வடு.

"குப்பைக்குத்தானே போச்சு, அதான் எடுத்துட்டு வந்தேன்," என்றான் தோர்பென் மெதுவாக. "நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

"அதான் ஒளிச்சு வெச்சியா?"

அதற்குள் மேயர் கேக் தட்டோடு வந்து பூவில் மூக்கை நுழைத்தார். "ஆகா! தோர்பென், இதுதான்யா டென்மார்க்! நம்ம செடிதானே?"

தோர்பென் என்னைப் பார்த்தான். நோட்டு மேசைமேல் காப்பிக் கூஜாவுக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கத்தைத் திருப்பினால் அவன் கதை முடியும். வேலியை இன்னொரு முறை தோண்டுவார்கள்.

"ஆமா பிரெபன்," என்றேன். "சுத்த டேனிஷ்."

தோர்பெனுக்கு மூச்சு வந்தது. "ரொம்ப தேங்க்ஸ், வீபகே. காப்பி ஊத்தட்டுமா?"

"உனக்காகச் சொல்லலடா," என்று கூஜாவை நகர்த்தி நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.