கவுண்ட்டர் அக்காவின் முழி

என் மூஞ்சியை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. வாய் மட்டும் சிரிக்கும், கண்ணு ரெண்டும் 'ஐயோ, தொலைஞ்சோம்'னு முழிக்கும். மீம்ல மேல ஒரு வரி எழுதுவாங்க: "ஞாயித்துக்கிழமை ஆபீஸ் வரணுமா? தாராளமா சார்!" கீழ நான். "மாமியார் ஒரு மாசம் தங்கப் போறாங்களா? ரொம்ப சந்தோஷம்!" கீழ மறுபடியும் நான். உலகத்துக்கே நான் 'கவுண்ட்டர் அக்கா'. என்னைவிட மூத்ததுங்களும் அக்காங்குது, அதைத்தான் தாங்க முடியல.

குடிநீர் ஆபீஸ்ல பில் புகார் கவுண்ட்டர்ல உட்கார்றவ நான். டோக்கனோட ஒரு மணி நேரம் நின்ன ஒருத்தர், கடுப்புல என்னைப் படம் எடுத்து மேலதிகாரிக்குப் புகார் அனுப்பினார். அதை யாரும் சீண்டல. சரின்னு நெட்ல போட்டார். எவனோ முகத்தை மட்டும் வெட்டி எடுத்தான், அவ்வளவுதான், பிச்சுக்கிச்சு. "எதுக்கு அந்த முழி?"னு கேட்டவங்ககிட்டயெல்லாம், "யாரோ போன வருஷ பில்லைத் தூக்கிட்டு வந்தாங்க"ன்னு வாய் கூசாம அளந்துவிட்டேன்.

நிஜம் வேற. அப்போ என்கிட்ட போன்ல பேசிட்டு இருந்தது என் தங்கச்சி. புருஷன் வீட்டைவிட்டுக் கிளம்பிட்டாளாம். "கொஞ்ச நாள் உன்கூட இருக்கட்டுமாக்கா?"னு அழுதா. எங்க வீடு ரெண்டே ரூம். பையனுக்குப் பரீட்சை வேற, வீட்டுக்காரர் குறட்டைக்கே ஒரு ரூம் பத்தாது. இருந்தும், "இதென்ன கேள்வி? உடனே கிளம்பி வாடி"ன்னு தேனா பேசினேன். மூஞ்சி என்ன பண்ணுச்சுன்னுதான் ஊருக்கே தெரியுமே.

வந்தா. ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் என்னமோ, சாயங்காலம் அவகிட்ட ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தாத்தான் எனக்கு நாள் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. அவ இல்லாத வீட்டை நினைச்சுப் பார்க்கவே பிடிக்கல. என் மீமைத் தலையில தூக்கி வச்சு ஆடினதும் அவதான். புதுசா எது வந்தாலும் ஓடி வந்து காட்டுவா. ஒவ்வொரு தடவையும் நான் பேச்சை மாத்திடுவேன்.

போன சனிக்கிழமை, "அக்கா, ஒரிஜினல் வந்திருக்கு!"ன்னு குதிச்சுக்கிட்டு வந்தா. படம் எடுத்த மனுஷன், 'நான்தான் எடுத்தேன்'னு பெருமையா முழுப் படத்தையும் மறுபடியும் போட்டிருக்கார். என் காதுல போன். பின்னாடி டோக்கன் போர்டுல தேதியும் மணியும் பளிச்சுன்னு தெரியுது.

"அட, நான் கிளம்பின நாளு"ன்னா. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. போர்டுல இருந்த மணியை இன்னொரு தடவை பார்த்துட்டு, "அந்த நேரத்துல வேற யாராவது போன் பண்ணியிருந்தாங்களாக்கா?"னு மெதுவா கேட்டா.

ஆமான்னு சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் அளந்தவ, அப்பப் பார்த்து போனை அவ கையிலேர்ந்து வாங்கிக் கவுத்து வச்சேன்.

அவ சண்டையே போடல. துணியை மடிச்சுப் பையில வச்சா. அவ வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஹாஸ்டல் இருக்காம்.

"அன்னைக்கு அப்படித்தாண்டி இருந்துச்சு, இனிமே மறைக்கல. இப்ப அப்படி இல்லடி. போகாத, இங்கயே இரு."

சத்தியமா மனசாரத்தான் சொன்னேன். அவ பேச்சைக் காதுல வாங்கல, என் மூஞ்சியையே உத்துப் பார்த்தா. அதுல என்ன தெரிஞ்சுதோ, எனக்கே தெரியல. பை ஜிப்பை இழுத்து மூடினா.