ஆறு மணிக்குத் திறந்திருந்த கதவு

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் யாரும் என்னோடு வாதாட முடியாது. பதினேழு மதுக்கூடங்கள், நான்கு நடன அரங்குகள். வாராவாரம் அந்த நேரத்துக்குத்தான் போலீஸ் தொப்பியும் பரிசோதனைப் படிவமுமாக நான் போவேன். அடித்தள நடன அரங்கின் பின்கதவு வழியாக அப்போது பாட்டில் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும். 'அவசர வழி திறந்துள்ளது' என்ற வரிக்கு நேராக டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவேன். பொய் இல்லை. டிக்கெட் வாங்காதவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று எட்டு மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். அது எனக்கும் தெரியும், இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். கண்டும் காணாமல் இருப்பது எங்கள் உத்தியோகத்தில் பாதி.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு பத்தரை மணிக்கு, ஒரே டாக்சிக்கு அடித்துக்கொண்ட இரண்டு குடிகாரர்களைத் தெருமுனையில் விலக்கிக்கொண்டிருந்தேன். தங்கை போனில் அழைத்தாள். அலுவலகத் தோழிகளோடு அதே அரங்குக்குத்தான் போயிருந்தாள். வேண்டாம் என்று முரண்டு பிடித்த அம்மாவிடம், நானே வாராவாரம் பார்க்கிற இடம் என்று சொல்லி வாயை அடைத்தவள் நான்.

"அக்கா, உள்ள ஒரே புகை. பின்கதவு திறக்க மாட்டேங்குது."

அதோடு இணைப்பு அறுந்தது.

குடிகாரர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். முன்படிக்கட்டில் கூட்டம் ஒருவர் மேல் ஒருவராக ஏறி வந்துகொண்டிருந்தது. கீழே இறங்க வழியே இல்லை. வாசல் காவலாளி, நாங்கள் 'பீரோ' என்று கூப்பிடும் ஆள், அகப்பட்ட கைகளைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்துச் சாவி கேட்டேன். தன் பையில்தான் சாவி கிடக்கிறது என்பதே அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போய்க் கொத்தை எடுத்துக் கொடுத்தான்.

பின்சந்தில் குப்பைத் தொட்டிகளைத் தள்ளிவிட்டுக் கதவை அடைந்தேன். உள்ளேயிருந்து பல கைகள் இரும்பை அறைந்துகொண்டிருந்தன. கொத்தில் பதினொரு சாவிகள், ஒன்றிலும் அடையாளம் இல்லை. முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. கொத்து நழுவிக் கீழே விழுந்தது. எதுவரை பார்த்தேன் என்பது மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து. அறையும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன், பதில் இல்லை. சாவி திரும்பியபோது உள்ளே சுத்தமாகச் சத்தம் நின்றிருந்தது.

கதவைத் திறந்ததும் ஆட்கள் என் மேலேயே சரிந்தார்கள். முப்பது பேராவது இருக்கும். கடைசியில், மயங்கிப்போன ஒரு தோழியைத் தோளில் தாங்கியபடி, இருமிக்கொண்டே தங்கை வந்தாள். அவள் இரண்டு உள்ளங்கைகளும் வீங்கியிருந்தன.

யாரும் சாகவில்லை. அந்தத் தோழிக்குத்தான் நினைவு திரும்பவில்லை. அவளை முதல் ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார். என்னை ஓரமாக அழைத்து, படிவத்தில் உள்ளதையே அறிக்கையிலும் எழுதச் சொன்னார்.

"பாக்கும்போது திறந்துதானே இருந்துச்சு? அதுக்கு மேல நமக்கு எதுக்கு?"

அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அடுத்த ஆம்புலன்சில் தங்கையின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் முன்படிக்குத்தான் ஓடினாங்க, அக்கா. நான்தான் இவங்கள பின்பக்கம் கூட்டிட்டு வந்தேன். எங்க அக்கா பாத்த கதவு, கண்டிப்பா திறந்திருக்கும்னு சொன்னேன்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜீப்புக்குப் போய், பானட்டின் மேல் தாளை வைத்து அறிக்கை எழுதினேன். ஆறு மணிக்குக் கதவு திறந்திருந்தது. எட்டு மணிக்குப் பூட்டுவார்கள் என்று தெரிந்தேதான் வாராவாரம் கையெழுத்துப் போட்டேன். என் மேலதிகாரிக்கும் அது தெரியும். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அதற்குக் கீழே அவருடைய கையெழுத்துக்கு இடம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். வேலை போய்விடும் என்றார். தெரியும் என்றேன். சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, பேனா இல்லை என்றார்.

என்னுடையதை நீட்டினேன்.