பன்னிரண்டாவது பெயர்

கையுறை ஆலையின் மூன்றாவது லைனில் இருபத்து நான்கு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவளை எல்லோரும் லைன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பதினாறு வருடச் சர்வீஸ். சத்தம் போடுவாள், ஆனால் ஓரவஞ்சனை பண்ணமாட்டாள் என்று பெயர் எடுத்திருந்தாள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதே லைனில் அவளுடைய நாத்தனாரும் இருந்தாள். கட்டினவன் விட்டுவிட்டுப் போனதும் கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். "வீட்டுல உக்காந்து அழுதா கண்ணுதான் வீங்கும். கிளம்பு என்கூட" என்று அவளை ஆலைக்கு அழைத்துப்போனதே லைன் அக்காதான். கையுறையைத் தைத்து முடிக்கும்போது உள்பக்கம் வெளியே இருக்கும். அதை ஒரு கம்பியில் செருகி விரல் விரலாகத் திருப்பி, சூடான இரும்புக் கைகளில் மாட்டிச் சுருக்கம் எடுக்க வேண்டும். ஆறு வருடமாக நாத்தனாருக்கு அதுதான் வேலை.

"காலையிலேர்ந்து எத்தனை பேருக்குக் கை குடுக்கிறேன், ஒருத்தனாவது நல்லா இருக்கியான்னு கேக்குறானா பாருங்க அண்ணி" என்பாள். லைனே சிரிக்கும்.

அந்தக் கையுறைகள் எல்லாம் கடல் தாண்டி ஒரே ஒரு நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே தோட்ட வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்வார்களாம். ஒருநாள் அந்த நாட்டு அரசாங்கம் வெளியிலிருந்து வரும் சரக்குக்கெல்லாம் வரியைத் தாறுமாறாக ஏற்றியது. செய்தியில் பார்த்தபோது யாருக்கும் பெரிதாக உறைக்கவில்லை. "வரி போட்டா அவங்கதானே கட்டணும், நமக்கென்ன" என்றுதான் பேசிக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் வாங்குகிறவர்கள் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்கள். அட்டைப்பெட்டிகள் கிடங்கு நிறைந்து, சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்து, கூரை வரை ஏறின. ஆட்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை மேனேஜர் லைன் அக்காவைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையிலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டே பேசினார்.

"லைனுக்குப் பாதிப் பேரை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லிட்டாங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள பன்னிரண்டு பேர் வேணும்மா."

"யாரு யாருன்னு யார் சார் முடிவு பண்றது?"

"நீதான். யாரு வேலை செய்யிறாங்க, யாரு செய்யலைன்னு எனக்கா தெரியும்?"

மறுநாள் காலை ஒரு பழைய பெட்டியின் மேல் தாளை வைத்துக்கொண்டு அவள் எழுத உட்கார்ந்தாள். அடிக்கடி லீவு போடுகிறவர்கள் நான்கு பேர். போன வருடம் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற வேண்டிய இருவர். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது அவர்கள் வீட்டு வாசல் அவள் கண்ணில் வந்து நின்றது. பதினொன்று ஆயிற்று.

மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி கையுறைக்குக் கட்டைவிரல் தைக்கிறவள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனை வைத்துக்கொண்டிருந்தாள். சமீபகாலமாக அவளுக்குக் கண் மங்கி, தையல் கோணிக்கொண்டு போனது. இன்னொருத்தி நாத்தனார். அவள் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சுற்றியிருந்தவர்கள் லைன் அக்காவின் கையையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நாத்தனாரின் பெயரை எழுதினாள். எழுதி முடித்ததும் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நாத்தனார் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஏழு வயது. எல்லோரும் வாண்டு என்று கூப்பிடுவார்கள்.

"லைன்ல எல்லாரும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்காங்க அண்ணி. என்னைப் பார்த்து, உனக்கென்ன, அண்ணி இருக்காங்கன்னு சொல்றாங்க" என்றாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று லைன் அக்கா வாயைத் திறந்தாள். "அத்தை, எனக்கு ரிப்பன் எது நல்லா இருக்கு?" என்று வாண்டு கேட்டது. "சிவப்பு" என்றாள். எழுந்து போய் அந்த ரிப்பனை எடுத்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆலை வாசலில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஒரே கூட்டம். நாத்தனார் முன்னால் போய்த் தனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைத் தேடிக்கொண்டு வந்தாள். கடைசியில் தன் பெயர் இருந்தது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளுக்கு வழி விட்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் உள்ளே வந்து தன் பையையும் பழைய செருப்பையும் எடுத்துக்கொண்டாள். லைன் அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"நேத்து சாயங்காலம் பக்கத்துலதானே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இத்தனை பேர் முன்னாடி நின்னு தேடியிருக்க மாட்டேனே அண்ணி."

வீட்டில் கணவன் குதித்தான். "ஊர்ல வேற ஆளே இல்லையா உனக்கு? என் தங்கச்சிதான் கிடைச்சாளா?"

"அண்ணே, நீ சும்மா இரு" என்றாள் நாத்தனார். பிறகு லைன் அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் இடத்துல உங்க கூடப்பிறந்தவ இருந்திருந்தா எழுதியிருப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலம்மா" என்றாள் லைன் அக்கா.

நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டாள். அதன்பிறகு ஒரே வீட்டில் இருந்துகொண்டே இருவருக்கும் பேச்சு குறைந்துபோயிற்று. சோறு வேகும், துணி காயும், வாண்டு மட்டும் இருவருக்கும் நடுவே தூது போகும்.

மிச்சமிருந்த பன்னிரண்டு பேரின் வேலையும் ஏழு வாரம்தான் ஓடியது. ஒரு திங்கட்கிழமை ஆலையையே மூடிவிட்டார்கள். இந்தத் தடவை பட்டியல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரல் தைக்கிறவள் வாசலில் லைன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புண்ணியத்துல ஏழு வாரம் ஓட்டினேன் அக்கா" என்று அழுதாள். லைன் அக்கா வீடு வந்து சேர்ந்து, மத்தியான வெயிலில் அடுப்படிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்கம்பக்கத்தில் எங்கேயும் வேலை இல்லை. மற்ற ஆலைகளும் அதே காற்றில்தான் ஆடிக்கொண்டிருந்தன. மாதம் ஒன்று போனதும் நாத்தனாருக்குத் தூரத்து நகரத்தில் ஓர் இடம் கிடைத்தது. எழுந்து நடமாட முடியாத ஒரு அம்மாளை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையைக் கூட்டிவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் வாண்டு மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைக் காட்டவே இல்லை. நாத்தனார் லைன் அக்காவைத் தனியே கூப்பிட்டாள்.

"இருமல் வந்தா உடனே மருந்து குடுக்காதீங்க, ஒருநாள் பொறுத்துப் பாருங்க. கணக்குல தப்பு விட்டா சத்தம் போடாதீங்க, இன்னும் பயந்துக்கும். காலையில எழுப்பினா அழும், கொஞ்ச நேரம் முதுகைத் தடவிக் குடுத்தா சரியாயிடும்."

"நான் பண்ணினதை மறந்துடும்மா" என்றாள் லைன் அக்கா.

"அதை இப்ப எதுக்கு அண்ணி. வண்டி கிளம்பப் போகுது."

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வந்தது. அண்ணனிடம் பேசுவாள், மகளிடம் பேசுவாள். அண்ணியிடம் வாண்டுவைப் பற்றி இரண்டு கேள்வி, அவ்வளவுதான். லைன் அக்கா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே அவளை யாரும் அக்கா என்று கூப்பிடுவதில்லை. "ஏம்மா, இங்க வா" என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாண்டுவுக்கு முன்பல் விழுந்தது. போன் வந்ததும் லைன் அக்காதான் எடுத்துச் சொன்னாள்.

"ரத்தம் வந்துச்சா? அழுதாளா?"

"இல்லம்மா. கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு ஒரே சிரிப்பு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. லைன் அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"நியாயம் பார்த்து நான் எழுதலம்மா. உன் பேரை விட்டுட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு பயந்துதான் எழுதினேன். என் பேரைக் காப்பாத்திக்கிட்டேன். வேற ஒண்ணுமில்ல."

"தெரியும் அண்ணி" என்றாள் நாத்தனார். "அன்னைக்கே தெரியும். உங்ககூட ஒரே வீட்டுல இருந்தவதானே நான்."

கோபமாகச் சொன்னாளா, சமாதானமாகச் சொன்னாளா என்று லைன் அக்காவுக்குப் பிடிபடவில்லை.

"வாண்டுகிட்டக் குடுங்க. இந்த அம்மா முழிச்சிக்கிறதுக்குள்ள பேசிடுறேன்."

வாண்டு ஓடிவந்து போனை வாங்கிக்கொண்டு, பல் இல்லாத வாயால் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தது. லைன் அக்கா வாசலில் போய் உட்கார்ந்தாள். நாத்தனார் லீவு கிடைத்து வந்தபோது வாண்டுவுக்குப் புதுப் பல் முழுதாக முளைத்திருந்தது.