தீப்பிடித்தால் மட்டும்

வேளாண்மை அலுவலகத்துப் பியூனுக்குத் தன் மச்சானைப் பிடிக்கும். ஆனால் அந்த மனுஷன் இருக்கிற வீட்டில் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை மிச்சம் வைக்க முடியாது. அக்கா பரண்மேல் ஒளித்தாள், தின்றார். தலையணைக்குள் வைத்துத் தைத்தாள். தையலைப் பிரித்துத் தின்றுவிட்டு, அழகாகத் திரும்பத் தைத்தும் வைத்தார்.

கிழங்கு மிஞ்சினால்தானே அதை முளைக்கவிட்டு நடுவதற்குக் கொடி எடுக்கலாம்? அக்காவுடையது வானம் பார்த்த பூமி. கோடையில் ஒரு கொடிகூட உயிரோடு நிற்காது.

"போன வருஷம் மழை பேஞ்சப்ப கொடி இல்ல. நாலு ஊர் அலைஞ்சு கொடி கெடச்சப்ப மழை இல்ல. ஏதோ ஒரு மூலைலதான் வெளைஞ்சிருக்கு. இந்தத் தடவையும் நிலம் சும்மா கெடந்தா நான் எங்கடா போவேன்?" என்று தம்பியிடம் அழுதேவிட்டாள்.

இலவசக் கொடி கேட்டு அவள் எழுதிய மனு மூன்று வருடமாக இதே அலுவலகத்தில், அதிகாரியின் மேசைமேல், பேப்பர்வெயிட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதைத் தூசி தட்டுகிறவனே தம்பிதான். வெட்கக்கேடு!

அறுவடையன்று அக்கா அடிபடாத சின்னக் கிழங்காக நாற்பது பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தாள். "காஞ்ச மணல்ல புதைச்சு நிழல்ல வச்சா கெடாதாம். என் வீட்ல மட்டும் வேணாம்டா."

அலுவலகத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு சிவப்பு வாளிகள் தொங்கின. வாளி நிறைய மணல், வெளியே 'தீ' என்று வெள்ளை எழுத்து. அவன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் யாரும் அவற்றை ஏறிட்டும் பார்த்ததில்லை. வாளிக்கு மூன்று நான்காகப் புதைத்துவிட்டான்.

மழைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது டீ கிளாஸ் கழுவின தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தான். அம்மாடி, என்ன வளர்த்தி! கொடிகள் வாளியை விட்டு வழிந்து தரையைத் தொட்டன. "ஆபீஸே குளுகுளுன்னு இருக்கேய்யா" என்று அதிகாரி பூரித்துப்போனார்.

அப்போதுதான் தீயணைப்பு ஆய்வாளர் வந்து சேர்ந்தார். ஆய்வாளர் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தார், மணலைக் கிள்ளிப் பார்த்தார்.

"மணல் இருக்கு. ஈரம் இருக்கு. இலைகூட இருக்கு. பிரமாதம்! மத்த ஆபீஸ்ல வாளியே இல்ல."

கையோடு வாளிக்கு வாளி ஒரு சீல் ஒட்டிவிட்டுப் போனார்: 'இதில் உள்ளதைத் தீப்பிடித்தால் மட்டும் எடுக்கவும்.'

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. அக்கா அரிவாளும் சாக்குமாகத் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். அதிகாரி இரண்டு கையையும் விரித்து வாளிகளை மறித்தார்.

"தொடக் கூடாதும்மா. தீப்பிடிக்கணும்."

"இந்த மழைல எப்படி சார் தீப்பிடிக்கும்?"

"அதுக்கு நான் என்ன பண்றது? எனக்கும் பாவமாத்தான் இருக்கு."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. மண்ணில் ஈரம் மூன்று நாள் தாங்கினால் பெரிது. பியூனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விறுவிறுவென்று உள்ளே போனான், பேப்பர்வெயிட்டை நகர்த்தினான், மனுவோடு திரும்பி வந்தான்.

"அக்கா, இது உன்னோடதுதானே?"

"என் கையெழுத்துதான்டா."

டீ அடுப்புக்கு வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து உரசினான். மூன்று வருடம் காய்ந்த காகிதமாயிற்றே, ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. அதைச் சிமெண்ட் தரையில் போட்டான்.

"சார், தீ!"

அதிகாரி தீயைப் பார்த்தார். சீலைப் பார்த்தார். மறுபடி தீயைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"என்னய்யா வேடிக்கை பாக்கறே? வாளியை எடு!"

அக்கா கொடியை அறுக்க அறுக்க, தம்பி மணலைக் கொட்டினான். முதல் வாளியிலேயே தீ அணைந்துவிட்டது. ஆனால் அதிகாரி விடவில்லை. "இன்னும் புகையுது, இன்னும் புகையுது" என்று பன்னிரண்டாவது வாளி வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: 'எரிந்தது, மனு ஒன்று. அணைக்கச் செலவானது, கொடி இரண்டு சாக்கு.'

அக்கா சாக்கு இரண்டையும் தலையில் ஏற்றிக்கொண்டு படி இறங்கினாள். அதிகாரி தலையைச் சொறிந்தபடி பின்னாலேயே வந்தார்.

"என் மாமனாருக்கும் மழையை நம்பின நிலந்தாம்மா. அடுத்த வருஷம் ஒரு கட்டுக் கொடி கெடைக்குமா?"

"அதுக்கென்ன சார், மனு எழுதி வையுங்க" என்றாள் அக்கா. "தீப்பெட்டி நான் கொண்டாரேன்."