குங்குமம் வைத்த ஸ்பீக்கர்

1

இந்தக் கதை ஜன்னல் வழியாக எனக்கு வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மலாக்காவில், காஜா பெராங் தெருவில் என் அடுக்களை ஜன்னலுக்கும் தம்பிராஜா வீட்டு முன்னறைக்கும் நடுவே ஒரு பப்பாளி மரம்தான். ஒல்லி மரம், எதையும் மறைக்காது. அது என் குற்றமா?

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். 'மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த மூன்றாம் வருஷம், தம்பிராஜாவின் துரை கப்பலேறினார்' என்றேன். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. 'அவர் விரல் சிவந்திருந்தது' என்றேன். கொலைக் கதை என்று நினைப்பீர்கள். (சிவப்பு வரும். பொறுங்கள்.) மூன்றாவது, 'கமலவேணியின் காது' என்று

அதை முடிக்கவில்லை. கதையே அதுதான், கை ஓடவில்லை.

சரி, நேராகச் சொல்கிறேன். ரப்பர் கம்பெனித் துரை ஊருக்குத் திரும்பும்போது குமாஸ்தா தம்பிராஜாவிடம் விட்டுப்போனவை ஒரு ரெக்கார்டு பிளேயர், வால்வு எரியும் ஆம்ப்ளிஃபயர், இரண்டு குட்டி ஸ்பீக்கர் பெட்டிகள். அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே சொருகுகிற அளவு. ஸ்டீரியோவாம். ரிக்‌ஷாவில் வந்து இறங்கியபோது தெருவே வாசலில் நின்றது. நான் முன்னால் நின்றேன்.

2

தம்பிராஜா ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் ஒரு தவில் ரெக்கார்டு வாங்கி வந்தார். தவிலின் வலது பக்கம் மட்டும் டக் டக் என்று கேட்டது. இடது பக்கத்துக் கனமான அடி அந்தச் சின்னப் பெட்டிகளுக்குள்ளேயே செத்துப்போனது. அதை வெளியே கொண்டுவர மனுஷன் பட்ட பாடு! இடுக்குகளில் தேன்மெழுகு அடைத்தார். சுவரோடு ஒட்டி வைத்தார். மூலைக்குத் தள்ளினார். அடியில் செங்கல் வைத்தார். கடைசியில் தலையணையைக் கிழித்தார்.

"மீனாச்சி, உன் பக்கத்து வீட்டுக்காரரு தலையணையக் கிழிக்கிறாரே, என்னா கதை?" என்று கேட்டாள் எதிர்வீட்டு அன்னம்மா.

"பெட்டிக்குள்ள பஞ்சு அடைக்கிறாராம்கா. அடிச்சத்தம் வருமாம்."

"பெட்டிக்கு மெத்தை, பொண்டாட்டிக்கு வெறுந்தரையா?"*

இதை நான் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஐந்தாவது வீட்டில் ஆளில்லை.

(* அன்னம்மா தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். இதை மலாயில்தான் சொன்னாள். தமிழ் என்னுடையது. கிண்டலில் பாதியும்.)

3

காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு அந்த நாலு வீட்டுக்கும் நான் திரும்பிப் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் மனைவி கமலவேணிக்கு டைஃபாய்டு வந்தது. காய்ச்சல் போனபோது மெல்லிய சத்தங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பறவை இல்லை, சைக்கிள் மணி இல்லை. இடி கேட்கும், லாரி கேட்கும், கோயில் தவில் கொஞ்சம் கேட்கும். தம்பிராஜாவுக்கோ கொசு மாதிரிக் குரல். அவர் வாய் அசைவது மட்டும் அவளுக்குத் தெரியும். மிச்சமிருக்கிற காதும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பஞ்சு அடைத்து மூலையில் வைத்த அன்று சாயங்காலம் அவள் முதுகைக் காட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"யாருங்க தவில் அடிக்கிறா?"

காது கேளாதவர் போடுகிற சத்தம்; தெரு முழுக்கக் கேட்டது. அவர் மூலையைக் காட்டினார். அதற்குப் பிறகு தினமும் ஐந்து மணிக்கு அவள் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்துவிடுவாள்.

(இந்த இடத்தில் கமலவேணி ரொம்ப நல்லவளாகிவிட்டாள். யாராவது நம்ப வேண்டாமா? அவள் ஒரு கொத்து கருவேப்பிலைகூடக் கடன் தரமாட்டாள். எழுதிவிட்டேன்.)

4

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் அரிவாள்மணை முதல் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டல்லவா? ஸ்பீக்கர் இரண்டையும் ஒயரைக் கழற்றிச் சாமிக்கு முன்னால் வைத்தார்கள். அவளே ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்தாள். முன்னும் பின்னும் சந்தனம், குங்குமம்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஒயரை மறுபடி மாட்டி ஊசியை வைத்தார்.

"போட்டாச்சா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார். தட்டு சுற்றியது. டக் டக். அடி இல்லை.

"பொட்டிதான் கெட்டுப்போச்சு வேணி!" என்று அவர் கத்தினார். எனக்கே கீச்சென்றுதான் கேட்டது.

அவள் அவர் வாயசைவைப் படித்துவிட்டு, சுற்றுகிற தட்டையே பார்த்தாள். "சமாதானம் சொல்லாதீங்க. எனக்கு அதுவும் போயிருச்சு."

அவ்வளவுதான். பத்து நாள் அந்த அறைப்பக்கமே அவள் வரவில்லை. ஒன்பதாம் நாள் லாரி ஒன்று அவள் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு வந்தது, அவள் திரும்பவில்லை. கேட்கவில்லையா, கேட்க மனமில்லையா? அவர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

5

அவர் மூலையை மாற்றினார், பஞ்சைப் பிரித்தார், வால்வை மாற்றினார். பதினோராம் நாள், பெட்டியைத் திருப்பி ஒயரைத் தொட்டபோது விரலில் சிவப்பு ஒட்டியது.

பெயின்ட் விரலில் ஒட்டாது.

பெட்டிக்குப் பின்னால் இரண்டு திருகு. சிவப்புப் பெயின்ட் வைத்த திருகில் சிவப்பு ஒயர். ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால், ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். கனமான சத்தம் நடுவிலேயே கரைந்துவிடும். அவள் தேய்த்த தேய்ப்பில் ஒரு பெட்டியில் பெயின்ட் போயிருக்கிறது. அடுத்த திருகில் குங்குமம் வைத்திருக்கிறாள். தனக்குக் காது கொடுத்த பெட்டி என்று கொஞ்சம் பெரிதாகவே. அதைப் பெயின்ட் என்று எண்ணி அவர் சிவப்பு ஒயரை அங்கே மாட்டிவிட்டார்.

(விரலை நான் பார்க்கவில்லை. கைலியில் துடைத்ததைத்தான் பார்த்தேன். சிவப்பு நான் வைத்தது. தப்பாகவும் இருக்கலாம்.)

ஒயரை மாற்ற அரை நிமிஷம் போதும். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெட்டி கெட்டிருக்கிற வரைக்கும் அவள் காது கெடவில்லை என்று அவரால் நம்ப முடிந்தது. சரிசெய்த பிறகும் கேட்காவிட்டால், பழி போட ஒரு பெட்டியும் இருக்காது.

6

முடிவுகள். ஒன்று: அவள் திரும்பிச் சிரிக்கிறாள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். இரண்டு: திரும்பவில்லை. எழுத எனக்குத் தெம்பில்லை. மூன்று: அவர் ஒயரைத் தொடாமலே பெட்டியை மூடி வைக்கிறார், ஆயுசு முழுக்கப் பெட்டிதான் குற்றவாளி. எனக்கு இதில்தான் ஆசை இருந்தது. களைத்தவர்களுக்கு ஏற்ற முடிவு.

ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை. ஒயரை மாற்றினார்.

அவளைக் கூப்பிடவும் இல்லை. பக்கத்து அறை ஜன்னலோரம், என் பக்கம் முகத்தை வைத்துப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்தது அவள் முதுகு. ஊசியை வைத்தார்.

என் அடுக்களைச் சுவரில் தொங்கிய கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஆகவே பெட்டி சரியாகிவிட்டது. அதற்கு நான் சாட்சி. இனி அவள் காது மட்டும்தான்.

அவள் முகம் எனக்கு நேரே. அந்த மனுஷனுக்கு முந்தி அதை நான் பார்ப்பது எப்படி? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குனிந்து அடுப்பைப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் வாருங்கள், நகர்ந்துகொள்கிறேன். இங்கே நில்லுங்கள். தலையை இடது பக்கம் கொஞ்சம் சாயுங்கள், மரம் மறைக்காது.

என்னிடம் சொல்ல வேண்டாம்.