ஊழியர் வீட்டுத் துக்கம்

"கம்பெனி பஸ் வந்துருச்சா?"

கதவிடுக்கிலிருந்து மனைவி இன்ஷிராஹ் கேட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. அவளுக்குப் பின்னால் பெண்களின் ஒப்பாரி.

"வரும். பாலத்துல நெரிசலா இருக்கும்," என்றான் ஷஹாத்தா.

அலெக்சாந்திரியாவின் அந்தக் குறுகிய தெருவை அடைத்துத் துக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். மதியம்தான் மகள் ஸமாஹை அடக்கம் செய்தார்கள். குர்ஆன் ஓதுபவர் ஒரு சுற்று முடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டிருந்தார். பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களின் கையைப் பற்றிக்கொண்டிருந்த ஷஹாத்தா, முன்வரிசையில் மட்டும் யாரையும் உட்கார விடவில்லை.

"மந்திரி யாராச்சும் வர்றாரா மச்சான்?" என்றான் மைத்துனன் பயூமி. "ரொட்டிக்கடைக்காரரு முட்டி வலியோட நிக்கிறாரு."

"எங்க ஆபீஸ்காரங்களுக்கு. ஊழியர் வீட்டுல சாவுன்னா பஸ் வச்சு வருவாங்க. பேப்பர்ல இரங்கல் விளம்பரமும் போடுவாங்க. நான் பாக்காத பந்தலா?"

பார்த்திருந்தான். ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் தேநீர் அறையில் நரைத்த தலை அவனுடையது. கணக்கரின் தாய், மேலாளரின் மாமியார் என்று எல்லாத் துக்கத்துக்கும் பஸ்ஸின் கடைசி இருக்கையில், காப்பிப் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

இருட்டுகிற நேரத்தில் ஒரு டாக்சி வந்து நின்றது. நிர்வாகப் பிரிவு வக்தி இறங்கினான். வேறு யாரும் இறங்கவில்லை. வாசலில் பயூமியின் கையைக் குலுக்கி, "ஆண்டவன் பொறுமையைத் தரட்டும்," என்றான். ஷஹாத்தாவின் தோளில் தட்டிவிட்டு, அவன் காட்டிய முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தலை வெடிக்குது ஷஹாத்தா. உன் கையால ஒரு காப்பி குடு."

பரிமாற ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஷஹாத்தாவின் கால்கள் அதற்குள் நடந்துவிட்டன. அவனே கொதிக்க வைத்தான். துக்கவீட்டுக் காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. தட்டைத் துணியால் துடைத்து, கோப்பையின் பிடியை வக்தியின் பக்கம் திருப்பி நீட்டினான். மகளைப் புதைத்த தகப்பன் தட்டு ஏந்தி வருவதைப் பார்த்து ரொட்டிக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வக்தி செல்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டான்.

"பஸ்ஸு பின்னால வருதா சார்?"

"எந்த பஸ்ஸு?"

"நம்ம பஸ்ஸு. எல்லாரும் வர்றது."

"அட, அது ஊழியருங்களுக்குய்யா. நீ தொழிலாளிக் கணக்கு." வக்தி ஒரு வாய் உறிஞ்சினான். "நானா வச்ச சட்டம்? ஆனா உன்ன யாரு வேத்தாளா நெனச்சா? நீ எங்க வீட்டு ஆளு மாதிரி. அதான் நான் கைக்காசு போட்டு டாக்சியில வந்தேன்."

"பேப்பர்ல போடுறது?"

"அதுவும் அப்படித்தான்."

ஓதுபவர் மறுபடி தொடங்கினார். பந்தல் அடங்கியது. உள்ளேயிருந்து இன்ஷிராஹ் யாரிடமோ, "ஆபீஸ்காரங்க வந்துட்டாங்க போல," என்று சொல்வது கேட்டது.

வக்தி காலிக் கோப்பையை நீட்டினான். குனிந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு போடேன். உன் காப்பி மாதிரி வராது," என்றான்.

ஷஹாத்தா அதை வாங்கவில்லை. தட்டைத் தரையில் வைத்தான். வக்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த அலுவலகத்து ஆள் ஒருவருக்குப் பக்கத்தில் அவன் சரிசமமாக உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"எம் பொண்ணு செத்துப் போயிட்டா சார்," என்றான்.

வக்தி கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.